ஒரு வானுக்கு மூன்று ட்ரிகர் சக்கரங்கள்: மட்டக்களப்பு வேலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்த வேலையில் மூன்று பேர் இருந்தோம். வானின் சொந்தக்காரர், கல்முனைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் மூத்தவர் ஒருவர், வாகன மின்வேலை பார்க்கும் நான். அவர்கள் இருவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களை விட்டிருக்கிறேன். ட்ரிகர் சக்கரம் என்பது, பொறி எப்போது விழ வேண்டும் என்பதைச் சென்சர் வழியாகக் காட்டும் பல் வெட்டிய இரும்புச் சக்கரம். ஒரே தடவையில் முடிந்திருக்க வேண்டிய அந்தச் சக்கரத்தை நாங்கள் மூன்று தடவை செய்தோம். ஏன் அப்படி ஆனது என்பதை அளவுகளோடு பதிந்து வைத்தால், இதே வேலைக்கு லேத் பட்டறைக்குப் போகிற இன்னொருவருக்கு இரண்டு சக்கரத்தின் செலவும் நாளும் மிஞ்சும்.

## பின்னணி

வான் ஒரு பழைய டொயோட்டா லைட்ஏஸ். 5கே இன்ஜின், 1486 சி.சி., காபரேற்றர், பொயின்ற் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர். டிஸ்ட்ரிபியூட்டர்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறியைப் பகிர்வது, பொயின்ற் அதற்குள் திறந்து மூடிப் பொறியை விழவைக்கும் சுவிட்ச். காலையில் கல்லடியில் ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு, ஆரையம்பதிப் பக்கமாக வந்து மண்முனைப் பாலம் தாண்டி, படுவான்கரைப் பாடசாலைகளில் ஒவ்வொருவராக இறக்கும். பாடசாலை விட்டதும் அதே வழியில் திரும்பும். சொந்தக்காரரே சாரதி. வான் ஒரு நாள் நின்றால் அன்றைக்கு எட்டு ஆசிரியர்கள் பிந்துவார்கள். அதனால் கராஜில் நாள்கணக்கில் விட அவருக்கு மனமில்லை. வேலை முழுவதும் சனி, ஞாயிறு நாட்களிலும் ஒரு தவணை விடுமுறையிலுமாகத்தான் நடந்தது.

முறைப்பாடு இரண்டு. ஒரே வேகத்தில் ஓடும்போது இடைக்கிடை மிஸ் அடித்தது. வருடாந்தப் புகைப் பரிசோதனையில் ஹைட்ரோகாபன் அளவு கூடியதால் சித்தியடையவில்லை. எரியாமல் வெளியேறும் பெற்றோல்தான் அந்த அளவாகத் தெரிகிறது. ஒரு சிலிண்டரில் ஒரு தடவை பொறி தவறினாலும் அந்தச் சுற்றின் கலவை முழுவதும் அப்படியே புகைக்குழாய்க்குப் போய்விடும். பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது. ஆகவே அவசரம் இருந்தது.

என்னிடம் வருவதற்கு முன்பே காபரேற்றரைக் கழுவி, பிளக், பிளக் வயர் எல்லாம் மாற்றியிருந்தார்கள். பொறி விழும் கணத்தில் மின்னும் டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்தேன். ஐட்லிங்கில் புலியில் (கிராங்க் என்னும் பிரதான சுழல்தண்டின் முனையில் உள்ள பெல்ட் சக்கரம்) உள்ள கோடு ஓரிடத்தில் நிற்கவில்லை. 4, 5 பாகைக்கு முன்னும் பின்னுமாகத் துள்ளியது. மூடியைக் கழற்றி டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைக் கையால் அசைத்தேன். பக்கவாட்டில் ஆடியது. தண்டு ஆடினால் பொயின்ற் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும், அதோடு பொறி விழும் நேரமும் மாறும். இன்னொன்றும் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. அங்கே ஒரு பாகை பிழைத்தால் கிராங்கில் அது 2 பாகை.

அந்தத் தண்டைத் தாங்கும் புஷ் ஏற்கெனவே ஒரு தடவை மாற்றப்பட்டிருந்தது. இப்போது உடலின் ஓட்டையே தேய்ந்துவிட்டது. உடைத்து விற்கும் இடங்களில் கிடைத்த இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர்களும் இதே நிலையில்தான் இருந்தன. அதனால் பொறியின் நேரத்தைக் கிராங்கிலிருந்தே நேராக எடுப்பது என்று முடிவெடுத்தோம்.

## எடுத்த முடிவும் அதன் காரணங்களும்

கிராங்க் புலியின் முன்னால் பல் வெட்டிய ஓர் இரும்புச் சக்கரம் பூட்டுவது. அதன் ஓரத்தில் ஒரு காந்தச் சென்சரை வைப்பது. சென்சரின் சமிக்ஞையை ஸ்பீடுயினோ கட்டுப்பாட்டுப் பலகைக்குக் கொடுப்பது. அது இரட்டைப் பொறிக் கொயிலை இயக்குவது. இதுதான் திட்டம். இரட்டைப் பொறி என்றால் 1ஆம் 4ஆம் சிலிண்டருக்கு ஒரே நேரத்தில் பொறி, 2ஆம் 3ஆம் சிலிண்டருக்கு ஒரே நேரத்தில் பொறி. ஒரு சோடியில் ஒன்று அமுக்க அடியில் நிற்கும்போது மற்றது புகை தள்ளிக்கொண்டிருக்கும், அங்கே விழும் பொறியால் கெடுதல் இல்லை. இதனால் கேம் தண்டுக்குத் தனிச் சென்சர் தேவைப்படவில்லை. காபரேற்றரைத் தொடவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரையும் முழுதாகக் கழற்றவில்லை, ரோட்டரையும் மூடியையும் மட்டும் எடுத்துவிட்டு உடலை அப்படியே விட்டோம். ஒயில் பம்பையும் அந்தத் தண்டே சுற்றுகிற இன்ஜின்கள் உண்டு. பார்க்காமல் பிடுங்குவது ஆபத்து.

சக்கரம் 36-1. அதாவது 10 பாகைக்கு ஒன்றாக 36 பல்லுக்கு இடம் பிரித்து, ஒரு பல்லை எடுத்துவிடுவது. எஞ்சுவது 35 பல்லும் ஒரு பொக்கையும். பொக்கை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை சென்சரைக் கடக்கும்போது, கிராங்க் எந்த இடத்தில் நிற்கிறது என்று பலகைக்குத் தெரிந்துவிடும். புதிய கார்களில் 60-2 பரவலாக இருக்கிறது. ஆனால் எங்கள் சக்கரத்தின் குறுக்களவு 160 மில்லிமீற்றர். அதில் 60 பல்லுக்கு இடம் பிரித்தால் ஒரு பல் 4 மில்லிக்குச் சற்றே மேல் வரும். சாதாரணப் பட்டறையில் அதைச் சீராக வெட்டுவது கடினம். 36க்குப் பிரித்தால் பல் 7 மில்லி, இடைவெளி 7 மில்லி. வெட்டுவதற்கும் வசதி, சென்சருக்கும் நல்ல சமிக்ஞை. 12-1 இதைவிடச் சுலபம். ஆனால் ஸ்டார்ட் எடுக்கும்போது கிராங்க் ஒவ்வொரு அமுக்க அடியிலும் தயங்கித் தயங்கித்தான் சுற்றும். பல் குறைந்தால் அந்தத் தயக்கத்தைக் கணிக்கப் பலகைக்குத் தகவல் போதாது.

அந்த 160 மில்லிக் குறுக்களவில் சுற்றளவு ஏறத்தாழ 503 மில்லி. ஒரு பாகை என்பது ஓரத்தில் 1.4 மில்லி. இந்த எண்ணைப் பட்டறைக்குப் போகும்போது மனதில் வைத்திருந்தேன். கால் மில்லி பிழைத்தாலும் 0.2 பாகைக்குள்தான் நிற்கும், பெற்றோல் இன்ஜினுக்கு அது ஒன்றுமில்லை என்று எண்ணினேன். பல்லைப் பற்றிய கணக்கு அது, சரியாகவும் இருந்தது. ஆனால் சக்கரத்தின் நடுவைப் பற்றி எந்தக் கணக்கும் போடாமலே போனேன்.

## முதல் சக்கரம்

லேத் பட்டறைக்காரரை நான் காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவேன். நெல் ஆலைத் தண்டுகள், மீன்பிடி வள்ளங்களின் புரொப்பலர் தண்டுகள், நெசவுத் தறிப் பற்சக்கரங்கள் என்று இந்தக் கரையில் சுற்றுகிற எல்லாவற்றையும் கடைந்த கை அது. அவரிடம் பழைய மில்லிங் மெசின் ஒன்றும், வேலைத்துண்டைச் சம பங்குகளாகத் திருப்பித் தரும் டிவைடிங் ஹெட்டும் இருந்தன. அந்த டிவைடிங் ஹெட்டில் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் வேலைத்துண்டு ஒரு சுற்று சுற்றும். 36 பிரிவுக்கு ஒரு பல்லுக்கு ஒரு முழுச் சுற்றும் அதன் மேல் ஒன்பதில் ஒரு பங்கும் வேண்டும். 18 ஓட்டை வட்டத்தில் ஒரு சுற்றும் 2 ஓட்டையும். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர் அந்த வட்டத்தில் ஊசியை வைத்துவிட்டார்.

நான் கொடுத்தது ஒரு தாளில் கையால் கீறிய படம். வெளிக் குறுக்களவு, பல் எண்ணிக்கை, பல் அகலம், ஆழம் 5 மில்லி, எந்தப் பல்லை எடுப்பது என்பதெல்லாம் இருந்தன. எந்த இரும்பு என்று எழுதவில்லை.

அடுத்த சனிக்கிழமை போனபோது சக்கரம் கண்ணாடி போல மின்னியது. துருவேறா உருக்கு. கடற்காற்றில் ஓடுகிற வண்டிக்குக் கறள் பிடிக்காத இரும்புதான் நல்லது என்று, புரொப்பலர் தண்டு வேலைக்கு வைத்திருந்ததில் நல்லதாகப் பார்த்து அவர் வெட்டியிருந்தார். அவருடைய நியாயத்தில் அதுதான் சரி. வள்ளக்காரர்கள் அவரிடம் எப்போதும் கேட்பது அதைத்தான்.

ஆனால் காந்தச் சென்சருக்குக் காந்தம் பிடிக்கிற இரும்பு வேண்டும். சென்சருக்குள் ஒரு நிலைக்காந்தமும் அதைச் சுற்றிக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. இரும்புப் பல் கிட்ட வரும்போதும் விலகும்போதும் காந்தப்புலம் மாறுகிறது, அந்த மாற்றந்தான் சுருளில் மின்னழுத்தமாக வருகிறது. சமையலறைப் பாத்திரங்களுக்கும் வள்ளங்களுக்கும் பாவிக்கிற துருவேறா உருக்கு வகைகளில் பெரும்பாலானவற்றைக் காந்தம் பிடிக்காது. சட்டைப்பையில் இருந்த சிறு காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை, வழுக்கி விழுந்தது.

ஆனாலும் அவ்வளவு உழைப்பை உடனே ஒதுக்க மனம் வராமல் கொண்டுபோய்ப் பூட்டிப் பார்த்தேன். செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டர்) அடிக்கும்போது மீற்றரில் சில மில்லிவோல்ட் மட்டும் சிமிட்டியது. அத்தோடு முதல் சக்கரம் முடிந்தது. பிழை படத்தை எழுதியவனுடையது. "காந்தம் பிடிக்கிற மைல்ட் ஸ்டீல்" என்று நான்கு சொல் எழுதியிருந்தால் போதும்.

## இரண்டாவது சக்கரம்

இந்தத் தடவை 6 மில்லி மைல்ட் ஸ்டீல் தகடு. இரு பக்கமும் லேத்தில் முகம் எடுத்து 5 மில்லிக்குக் கொண்டுவந்தார். நடுவில் ஒரு சிறு ஓட்டை போட்டு, அதை மான்ட்ரலில் (ஓட்டைக்குள் நுழைந்து துண்டை நடுவில் பிடிக்கும் தண்டு) பிடித்து வெளிவட்டம் கடைந்து, அதே பிடிப்பில் பல் வெட்டினார். வேர்னியரில் பல்லுக்குப் பல் அளந்து பார்த்தேன். 7 மில்லியிலிருந்து 0.1 மில்லி கூட விலகவில்லை.

அவர் ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு பல்லை எடுத்தா ஒரு பக்கம் பாரம் குறையும்தானே தம்பி, வேகத்தில உதறாதா?" நல்ல கேள்வி. ஒரு பல் 7க்கு 5க்கு 5 மில்லி. எடை 1.4 கிராம் அளவு. நேர் எதிர்ப் பக்கத்தில், நடுவிலிருந்து 65 மில்லி தள்ளி ஒரு 7 மில்லி ஓட்டை போட்டால் கிட்டத்தட்டச் சமன் ஆகும். போட்டார். சக்கரத்தின் சமநிலையைப் பற்றி இவ்வளவு யோசித்தோம். இதைவிடப் பெரிய சமநிலைக் குறை ஒன்றைச் சற்று நேரத்தில் நாங்களே செய்யப் போகிறோம் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

பல் வெட்டி முடிந்த பிறகு, புலியின் நடு முகப்பு நுழையும்படி சக்கரத்தின் நடு ஓட்டையைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. முகப்பு வார்ப்பிரும்பின் கரடு முரடான பகுதி, அதனால் உரசாமல் இருக்க ஓட்டையைத் தாராளமாக எடுத்துவிடச் சொன்னேன். அப்புறம் நான்கு போல்ட் ஓட்டை. 6 மில்லி போல்ட்டுக்கு 7 மில்லி ஓட்டை, பூட்ட இலகுவாக இருக்கும் என்று. பல் வெட்டும்போது நடுவைக் காட்டிய சிறு ஓட்டை அந்த நேரத்தில் இல்லாமல் போய்விட்டது. அதற்குப் பதிலாக நடுவைப் பிடிக்க எதுவும் இல்லை. சக்கரம் போல்ட்டின் இறுக்கத்தில் மட்டும் நின்றது. அந்தப் போல்ட்டுகளோ எந்தப் பக்கமும் அரை மில்லி நகர இடம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூட்டினேன். சென்சரை 1 மில்லி இடைவெளியில் வைத்தேன். வான் ஸ்டார்ட் ஆனது. கோடு டைமிங் லைட்டில் அசையாமல் நின்றது. சொந்தக்காரர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "பழைய மாதிரித் துள்ளல் இல்ல" என்றார். எனக்கும் நிம்மதி.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு அவர் அழைத்தார். வான் ஸ்டார்ட் எடுக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்து நாலைந்து தடவை அடித்த பிறகு எடுத்தது. எடுத்தபின் ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. செவ்வாயும் அப்படித்தான். காலையில் குளிர்ந்த இன்ஜினும் இரவு முழுக்க நின்ற பற்றரியும் சேரும் அந்த நேரத்தில் மட்டும்தான் குழப்பம். பலகையின் பதிவைப் பார்த்தபோது, செல்ஃப் அடிக்கும்போது பல் எண்ணிக்கை பிசகி, இடம் தெரியாமல் திரும்பத் திரும்பத் தொலைந்துகொண்டிருந்தது.

இங்கே நான் ஒரு பிழையான முடிவை எடுத்தேன். சமிக்ஞை போதவில்லை என்று கண்டவுடன் சென்சரை இன்னும் கிட்டத் தள்ளினேன், 0.4 மில்லிக்கு. கையால் கிராங்கைக் கால் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுச் செல்ஃப் அடித்தேன். உலோகம் உரசும் சத்தம். சென்சரின் மூக்கு கீறுப்பட்டிருந்தது. முழுச் சுற்றும் சுற்றிப் பார்த்திருந்தால் அந்தக் கீறல் வந்திராது. ஆனால் அந்தக் கீறல்தான் எனக்கு விஷயத்தைக் காட்டியது. ஒரு பக்கத்தில் உரசுகிறது, மறுபக்கத்தில் இடைவெளி கண்ணுக்கே தெரிகிறது.

## என்ன நடந்தது என்று அளந்தது

அடுத்த சனிக்கிழமை நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளில் காட்டும் டயல் கேஜை இன்ஜினிலேயே நிறுத்திப் பல் முனைகளில் வைத்தேன். கேஜின் முனை இடைவெளிக்குள் விழாமல் தூக்கித் தூக்கி, மூன்று பல்லுக்கு ஒரு தடவையாகப் பன்னிரண்டு இடத்தில் அளந்தேன். மிக உயரத்துக்கும் மிகத் தாழ்வுக்கும் இடையில் 0.9 மில்லி. அப்படியானால் சக்கரத்தின் நடு, கிராங்கின் நடுவிலிருந்து 0.45 மில்லி விலகி நிற்கிறது.

அது டைமிங்கில் எவ்வளவு? 80 மில்லி ஆரத்தில் 0.45 மில்லி என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பாகை. அது பெரிய விஷயமில்லை. டைமிங் லைட்டில் கோடு அசையாமல் நின்றதும் அதனால்தான். அந்த நல்ல தோற்றம்தான் என்னை ஏமாற்றியது.

கெட்டது சென்சரின் இடைவெளி. 1 மில்லிக்கு வைத்த இடைவெளி ஒரு பக்கத்தில் 0.55, எதிர்ப்பக்கத்தில் 1.45. இவ்வகைச் சென்சரின் மின்னழுத்தம் இரண்டு விஷயத்தில் தங்கியிருக்கிறது. ஒன்று வேகம், மற்றது இடைவெளி. இடைவெளி கூடக் கூட அது மிக விரைவாக விழும். ஓடும்போது வேகம் இருப்பதால் தூரப் பக்கத்துப் பல்லும் போதுமான அளவு காட்டும். செல்ஃப் மட்டும் சுற்றுகிற மெல்லிய வேகத்தில், அதுவும் சோர்ந்த பற்றரியில், தூரப் பக்கத்துப் பற்கள் பலகைக்குத் தெரியாமலே போகும்.

இதை உறுதிப்படுத்த ஒரு சிறிய ஒஸிலோஸ்கோப்பைச் சென்சரில் மாட்டினேன். பிளக் பூட்டியிருந்தபோது அலையின் உயரம் குழப்பமாக ஏறி இறங்கியது, ஏனென்றால் அமுக்க அடியும் வேகத்தைக் குறைத்துக் கூட்டும். நான்கு சிலிண்டரில் அது ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வரும். பிளக்கைக் கழற்றி அடித்தபோது அந்த இரண்டும் மறைந்தன. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை பெருத்துச் சிறுக்கிற அலை மட்டும் எஞ்சியது. கிட்டப் பக்கத்தில் 1.6 வோல்ட் உச்சம், தூரப் பக்கத்தில் 0.4. நடு விலகியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடையாது. இந்தப் பிளக் கழற்றும் சோதனையை யாரும் தவறவிடக் கூடாது. பத்து நிமிட வேலை, அமுக்க அடியையும் சக்கரக் குறையையும் அது பிரித்துக் காட்டிவிடும்.

பாரத்தையும் கணக்குப் பார்த்தேன். சக்கரம் 0.6 கிலோ கிராமுக்குச் சற்று மேல். அவ்வளவும் 0.45 மில்லி விலகி நின்றால், நாங்கள் கவனமாக ஓட்டை போட்டுச் சமன் செய்த அந்த ஒற்றைப் பல்லின் சமநிலைக் குறையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு கல்முனைக்குப் போனேன். காக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு அளவுகளையும் ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு சக்கரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நீங்க பல்லப் பத்தித்தான் சொன்னீங்க தம்பி. நடுவப் பத்தி ஒண்டும் சொல்லல்லயே" என்றார். "புலியையும் கொண்டுவந்திருந்தா நான் அதுலயே வச்சுக் கடைஞ்சிருப்பன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அது உண்மை. இரண்டு வாரம் நாங்கள் பேசியது முழுவதும் பல். இந்தச் சக்கரம் எதைச் செய்கிறது, எதைச் சுற்றி அது சரியாகச் சுற்ற வேண்டும் என்பதை நான் அவருக்கு ஒரு தடவையும் விளக்கவில்லை. நெல் ஆலைத் தண்டு கடைகிறவருக்கு நடு என்றால் என்னவென்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எது நடு என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும்.

## மூன்றாவது சக்கரம்

பாடசாலை விடுமுறை வந்தது. புலியைக் கழற்றிக் கொண்டுபோனேன். முதலில் அதில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்தோம். சில இன்ஜின்களில் புலியின் வெளி வளையம் ரப்பரில் ஒட்டியிருக்கும், காலப்போக்கில் அது வழுக்கும். அப்படியானால் சக்கரத்தை வெளி வளையத்தில் பூட்டவே கூடாது. இது ஒரே துண்டு.

வேலையின் ஒழுங்கைக் காக்காதான் சொன்னார். புலியின் கிராங்க் ஓட்டைக்கு அளவாக ஒரு மான்ட்ரல் கடைந்தார். புலியை அதில் ஏற்றி, முன் முகத்தில் 3 மில்லி உயரத்துக்கு ஒரு வட்டப் படி எடுத்தார். புதிய தகட்டின் நடு ஓட்டையை அந்தப் படியில் கையால் அழுத்தினால் ஏறுமளவுக்கு, ஆட்டமில்லாமல் கடைந்தார். பிறகு சக்கரத்தைப் புலியில் வைத்து நான்கு போல்ட்டையும் இறுக்கினார். இனிப் போல்ட்டின் வேலை இறுக்குவது மட்டும், நடுவைப் பிடிப்பது படி. அதே மான்ட்ரலில், புலியோடு சேர்த்தே, வெளிவட்டத்தை 160க்குக் கடைந்தார். அப்படியே மொத்தமாக டிவைடிங் ஹெட்டுக்கு மாற்றிப் பல் வெட்டினார். தகடு தகடாக இருந்த நேரத்தில் எதுவும் முடிக்கப்படவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே நடு, கிராங்க் நுழைகிற அந்த ஓட்டை.

பொக்கையின் இடம்: 1ஆம் சிலிண்டரின் பிஸ்டன் மேல் முனைக்கு வர 90 பாகை இருக்கும்போது சென்சரின் முன்னால் பொக்கை நிற்கும்படி, அதாவது ஒன்பது பல் முன்னதாக. ஸ்பீடுயினோவில் எந்தக் கோணத்தையும் எழுதலாம். ஆனாலும் செல்ஃப் அடிக்கும்போது கிராங்க் மிகவும் தயங்குவது மேல் முனையை ஒட்டித்தான். பொக்கை அங்கே வந்தால் பல் இடைவெளியா தயக்கமா என்று பலகைக்குப் பிரித்தறிவது கடினமாகும். எடுக்கும் பல்லை அடிவரை எடுக்க வேண்டும். பாதி நின்றால் சென்சர் அதையும் ஒரு பல்லாக எண்ணும்.

பிசிறு முழுவதையும் அரத்தால் எடுத்தோம். முனைகளை உருட்டவில்லை. திரும்பவும் சக்கரத்தையும் புலியையும் கழற்ற நேர்ந்தால் அதே நிலையில் பூட்டுவதற்கு, இரண்டிலும் ஒரே கோட்டில் ஒரு புள்ளி குத்தினார்.

இன்ஜினில் பூட்டி டயல் கேஜ் வைத்தபோது அதே பன்னிரண்டு இடத்தில் ஏற்ற இறக்கம் 0.06 மில்லி. இடைவெளியை 0.8க்கு வைத்தேன்.

## பூட்டிய பிறகு

சென்சரைத் தாங்கும் பட்டியையும் மாற்றினோம். முன்னையது 2 மில்லிப் பட்டி, விரலால் தட்டினால் அதிர்ந்தது. புதியது 5 மில்லி, இன்ஜின் உடலில் இரண்டு போல்ட்டில் நிற்கிறது. வண்டியின் சட்டத்தில் பூட்டக் கூடாது. இன்ஜின் தன் ரப்பர்களில் ஆடும்போது சட்டம் ஆடாது, இடைவெளி மாறிவிடும்.

ஒரு சின்னக் குழப்பம் எஞ்சியது. பலகையில் டைமிங்கை 10 பாகைக்குப் பூட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினால் கோடு அங்கேயே நிற்க வேண்டும். அது மெல்ல நகர்ந்தது. சென்சரின் இரண்டு வயரும் மாறியிருந்தால் வரும் அடையாளம் இது. பலகை பல்லின் நடுவில் எடுக்க வேண்டிய அலையை இடைவெளியின் நடுவில் எடுக்கும், பொக்கைக்கு அருகில் பிழைக்கும். வயரை மாற்றினேன். கோடு நின்றது.

காலை ஸ்டார்ட் பிரச்சினை அன்றோடு தீர்ந்தது. சொந்தக்காரர் ஒரு வாரம் தினமும் காலையில், எடுத்தது என்று ஒரு சொல் அனுப்பிக்கொண்டிருந்தார். புகைப் பரிசோதனையில் சித்தியடைந்தது. அதற்கு முன் காபரேற்றரின் ஐட்லிங் கலவையையும் சரிசெய்தேன். ஆகவே முழுப் பயனையும் சக்கரத்துக்கே எழுதுவது சரியாகாது. மிஸ் அடிப்பது நின்றது மட்டும் நிச்சயமாக இந்த மாற்றத்தால்தான், ஏனென்றால் கலவையைத் தொடும் முன்பே அது நின்றிருந்தது.

வாடைக்காற்று மழைக்குப் பிறகு ஒரு தடவை கழற்றாமல் பார்த்தேன். பல் முகங்களில் மெல்லிய கறள். சமிக்ஞையில் மாற்றமில்லை. தகட்டின் பக்கங்களுக்கு மெல்லிதாகப் பூச்சு அடித்திருந்தோம், பல் முனைகளுக்கு எண்ணெய்த் துணி மட்டும். கறளைவிடக் கவனிக்க வேண்டியதாக இருந்தது சென்சரின் மூக்கில் ஒட்டியிருந்த இரும்புத் தூள். உள்ளே காந்தம் இருப்பதால் அது தானாகவே சேரும். துடைத்துவிட்டேன்.

## இனி மாற்றிச் செய்வது

படத்தில் முதல் வரியாக நடுவை எழுதுவேன். எந்த ஓட்டையை, எந்தப் படியைச் சுற்றி எல்லாம் கடைய வேண்டும், இன்ஜினில் பூட்டியபின் ஏற்ற இறக்கம் எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்பவை. நான் இப்போது எழுதுவது 0.1 மில்லி. அதன்பின் இரும்பின் வகை, அதன்பின்தான் பல். புலி இல்லாமல் பட்டறைக்குப் போகமாட்டேன். அது கழற்றி இரண்டு நாள் வண்டி நிற்பதாயினும் சரி. இந்த வேலையில் அந்த இரண்டு நாளைத் தவிர்க்கப் பார்த்து, கடைசியில் அதைவிட அதிக நாள் வான் நின்றது.

சென்சரைத் தொடும் முன் டயல் கேஜை வைப்பேன். இரண்டாவது சக்கரத்தை அப்படி அளந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையே கண்டிருப்போம். அந்தத் திங்கட்கிழமை எட்டு ஆசிரியர்கள் பாதையோரம் நின்றிருக்கத் தேவையில்லை. டைமிங் லைட்டில் கோடு நிற்பதை இனி முடிந்த வேலையின் சான்றாக எடுக்கமாட்டேன். அடுத்த நாள் காலை, குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் எடுத்த பிறகுதான் வண்டியைக் கொடுப்பேன்.

இரண்டாவது சக்கரத்தைக் காக்கா வீசவில்லை. அதன் நடுவில் ஒரு வளையம் அழுத்தி, மறுபடி மான்ட்ரலில் நேராக்கி, உதிரியாக வானின் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். உதிரிக்கும் டயல் கேஜ் வைத்து அளந்து, அளவைத் தகட்டிலேயே குத்தியாகிவிட்டது. இன்னும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சென்சர் வயர் இப்போது அல்டனேற்றருக்குப் பக்கத்தால் போகிறது. அடுத்த மழைக்கு முன் அதைக் கவச வயராக மாற்றி, இணைப்புகளை உப்புக்காற்றுப் படாமல் அடைக்க வேண்டும்.